வயிற்றுக்குள் ஒருவழிப் பாதை

கே: எனக்கு 104 கிலோ எடை. வாரத்துக்கு இரண்டு தடவைதான் வெளிக்குப் போகிறேன். வயிற்றைத் தேய்த்துவிடச் சொல்கிறார்கள். இத்தனை கொழுப்பைத் தாண்டிக் கை குடலைத் தொடுமா?

ப: தொட வேண்டியதில்லை. கதவைத் தட்டினாலே உள்ளே இருப்பவர் எழுந்து வருகிறார், கதவை உடைக்கத் தேவையில்லை. வயிற்றின் மேல் விழும் மிதமான அழுத்தம் நரம்புகள் வழியாகக் குடலின் அசைவைத் தூண்டுவதாகத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பருமனான உடம்பு என்று முரட்டுத்தனமாக அமுக்கினால் வயிறு இறுகிக்கொள்ளும். வலி வந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

கே: எந்தப் பக்கம் தொடங்கி, எந்தப் பக்கம் முடிப்பது?

ப: பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். வலது அடிவயிற்றில் தொடங்கி விலா வரை ஏறும். குறுக்கே இடப்பக்கம் போகும். அங்கிருந்து இறங்கி மலக்குடலில் முடியும். ஒருவழிப் பாதை. கையும் அப்படியே போக வேண்டும்.

மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளுங்கள். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள். வயிறு தொங்கும்போது தொப்புளும் கூடவே இறங்கிவிடும். எலும்பு இடம் மாறாது. வலது இடுப்பெலும்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தொங்கும் மடிப்பை ஒரு கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, மறு கையை அதற்கு அடியில் வைக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. மடிப்பின் மேலேயே வட்டம் போட்டுவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். குடல் ஏறத் தொடங்கும் இடமும் இறங்கி முடியும் இடமும் அந்த மடிப்புக்குக் கீழேதானே இருக்கின்றன! வலது விலா, இடது விலா, இடது இடுப்பெலும்பு என்று மெதுவாக 10 முதல் 15 நிமிடம், தினமும். முடிந்ததும் மடிப்புகளில் எண்ணெயோ ஈரமோ இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் படை வரும்.

கே: ஆராய்ச்சியில் நிரூபணமானதா, பாட்டி வைத்தியமா?

ப: ஸ்வீடனில் 60 பேரை வைத்து 8 வாரம் பார்த்தார்கள், 2009-ல் முடிவு வெளியானது. தேய்த்துவிடப்பட்டவர்களுக்கு மலச்சிக்கலும் வயிற்று வலியும் குறைந்தன. ஆனால் பேதி மருந்தின் அளவு குறையவில்லை. எனவே மருந்தோடு சேர்த்துச் செய்யுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

கே: தொப்பை கரையுமா?

ப: கரையாது. உப்புசம் குறையலாம்.

கே: எடை குறைக்க செமாக்ளூடைட் ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து இந்தச் சிக்கல்.

ப: ஊசி உங்கள் பசியை அடக்குகிறது, சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால் குடலுக்குத் தள்ளுவதற்குச் சரக்கு ஏது? மலச்சிக்கல் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். வேறு காரணமும் இருக்கலாம்: தைராய்டு சுரப்பு குறைந்தால் எடையும் கூடும், மலமும் கட்டும். அந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் சாப்பிட்டால் அவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கே: எங்கள் ஊரில் குடலேற்றம் தட்டுகிறவர் இருக்கிறார். அவரிடம் போகலாமா?

ப: வேண்டாம். பருமனானவர்களுக்குத் தொப்புள் குடலிறக்கம் இருக்க வாய்ப்பு அதிகம், கொழுப்புக்குள் மறைந்திருந்தால் வெளியே தெரியாது. அதை ஓங்கி அமுக்கினால் ஆபத்து. கர்ப்பிணிகளும், அண்மையில் வயிற்றில் அறுவை செய்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் வயிற்றில் கை வைக்க விடாதீர்கள். மலத்தில் ரத்தம், வாந்தியோடு வயிறு வீங்கிக் காற்றும் பிரியாத நிலை, காரணமில்லாமல் எடை இறங்குவது: இவற்றில் எது இருந்தாலும் தேய்க்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கே: என் அம்மாவுக்கும் பருமனான உடம்பு, மலச்சிக்கல். தன் வயிற்றை யாரும் பார்ப்பதே அவருக்குப் பிடிக்காது. டாக்டரிடம் போனாலும், "முதலில் எடையைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நான் எப்படி உதவுவது?

ப: உங்கள் கடிதம் மனசைப் பிசைந்தது. எடை குறையும் வரை ஒரு மனுஷி வயிற்று வேதனையோடு காத்திருக்க வேண்டுமா என்ன? அடுத்த முறை நீங்களும் கூடப் போய், "இன்றைக்கு மலச்சிக்கலுக்கு மட்டும் பாருங்கள்" என்று கேளுங்கள். குடலிறக்கம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் தொடங்கலாம். முதல் வாரம் விளக்கை அணைத்துவிட்டு, நைட்டியின் மேலேயே செய்யுங்கள். அம்மாவின் கை அடியில் இருக்கட்டும், உங்கள் கை அதன் மேல்.