உயிர் போகுமா?

கேள்வி: கடைவாய்ப் பல்லுக்கு விழுப்புரம் சென்று ரூட் கேனல் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். வலியில் உயிர் போய்விடுமா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: போவது பல்லின் உயிர் மட்டுமே; அதுவும் பெரும்பாலும் சொத்தையின் கைங்கரியத்தால் ஏற்கெனவே பாதி போயிருக்கும். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்திசுவான பல்கூழில் கிருமி புகுந்து அழற்சி உண்டாகும்போது, சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்க இடமின்றி அழுத்தம் கூடுவதே நள்ளிரவு வலிக்குக் காரணமாகும். மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, மேற்புறம் துளையிட்டு, மெல்லிய அரங்களால் கூழை அகற்றி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார். ஐந்து திசைகளில் தண்டவாளம் பிரியும் விழுப்புரம் சந்திப்பைப் போலக் கடைவாய்ப் பல்லிலும் வேர்க்கால்வாய்கள் மூன்று, நான்கு எனப் பிரிவதால், ஒன்றையும் விட்டுவிடாதபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், சில வேளைகளில் இரண்டு, மூன்று முறை வரச் சொல்வதும் வழக்கம். வெற்றிடத்தை அடைக்கும் கட்டாபெர்ச்சா என்பது மலாயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது; 1851இல் டோவர், கலே நகரங்களுக்கிடையே கடலடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் அதுவே. மரப்பு தெளிந்தபின் சில நாள்கள் கடிக்கும்போது லேசான வலி இருக்கலாம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி நின்றதும் பல்லின் மேல் உறை (கேப்) போடாமல் முறுக்கு கடிப்பவர், வலுக் குறைந்த அப்பல் பிளந்து, அதைப் பிடுங்குவதற்காக மறுபடியும் விழுப்புரம் பேருந்து ஏற வேண்டிவரும்.