முதலில் ஆற்றுங்கள்!

கேள்வி: நானே பூட்டிய கணினியின் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய ஆசை. நம் ஊர் வெக்கையில் தாங்குமா?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: தாங்கும் தம்பி, ஆற்றத் தெரிந்தால்! லிட்டில் இந்தியாவில் தே தாரிக் போடும் அண்ணனைப் பாருங்கள். கை நீளத்துக்கு இழுபடும் தேநீர், காற்றில் அதிகப் பரப்பைக் காட்டுவதால் சட்டென்று ஆறுகிறது. கூலரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் செய்வதும் அதே வேலைதான். தகடுகளில் தூசி அடைத்திருந்தால் முதலில் அதைத் துடையுங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

காற்றாடி ஊதுவது அறைக்காற்றை. ஏர்கோன் ஓடும் 24 டிகிரி அறையில் 80 காட்டும் பிராசசர், மதியம் 32 டிகிரியில் ஏறக்குறைய 88 காட்டும். இன்டெல் சில்லுகள் பல, 100 டிகிரியைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றியதெல்லாம் வீண்!

வோல்டேஜில்தான் கவனம் வேண்டும். அதை 10 விழுக்காடு கூட்டினால், வேகத்தைத் தொடாமலே வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய 21 விழுக்காடு ஏறும்.

இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் திறந்தது நம் பினாங்கில்தான். உங்கள் பெட்டிக்குள் இருப்பது மண்ணின் மைந்தனாகவே இருக்கலாம், வாட்டிவிடாதீர்கள்!

இன்று மதியம் ஏர்கோனை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். 85க்குள் நின்றால், 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஏற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.