பறப்பவர் கணக்கும் பறிப்பவர் கணக்கும்

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு எகிறியதும், ஸ்ரீலங்கன் விமானிகள் பலர் வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்குப் பெட்டி கட்டினார்கள். அடுத்த ஜனவரியில் 36 சதவீதம் வரை வருமான வரி. மிஞ்சியவர்களும் கடவுச்சீட்டைத் தூசு தட்டினார்கள். ஓட்ட ஆள் போதாமல் விமானங்கள் தாமதிக்க, 'மூளைசாலிகள் வெளியேற்றம்' என்று கொழும்பு தலையில் கைவைத்தது.

நியாயமான கவலைதான். ஆனால் இந்தச் சம்பளக் கணக்கைக் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டங்கள் எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டன. இங்கே நாட்சம்பளம் 1,000 ரூபாவானது 2021இல். 1,350 ஆனது 2024இல். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். வாழ்க்கைத் தரமா? லயத்துக் காம்பரா, தகரம் பறக்காமலிருக்கக் கூரைமேல் கல், அடைமழை இரவில் மலையை நம்பி ஒரு தூக்கம். அந்த நம்பிக்கையும் 2014 அக்டோபர் 29 காலை அங்குள்ள மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் புதைந்தபோது மண்ணோடு சரிந்தது.

ஆகவே தோட்டத்துப் பெண்களும் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் பறக்கிறார்கள். விமானி போனால் நாட்டுக்கு இழப்பு. இவர்கள் போனால் அந்நியச் செலாவணி. அவரைப் பிடித்துவைக்கப் பேச்சுவார்த்தை. இவர்களை அனுப்பிவைக்க ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்.

பிள்ளைகளைப் பிரிவது விமானிக்குச் சொந்த விஷயம். சிறு பிள்ளையுள்ள தாயிடமோ 2013இலிருந்து 'குடும்பப் பின்னணி அறிக்கை' கேட்டார்கள். பின்னணி என்ன, சேர்? அந்த நாட்சம்பளம்தான்.