ஒத்தக்கடைப் பிடிஎஃப்: உட்கிடை குறித்த ஓர் ஆராய்ச்சி

ஸ்கேன் செய்த பத்திரம் பிடிஎஃப்பின் வயிற்றுக்குள் எந்நிலையில் கிடக்கிறது என்னும் வினாவைத் தமிழ் ஆய்வுலகம் இதுகாறும் கண்டுகொள்ளவில்லை. அக்குறை நீக்கப் புகுந்த இவ்வாய்வின் எல்லை மேலூர் சாலை: உயர்நீதிமன்றக் கிளை தொடங்கி ஒத்தக்கடை வரையுள்ள ஜெராக்ஸ் கடைகள். 2004-இல் கிளை திறந்தது முதல் தென்மாவட்டத்துப் பட்டாவும் வில்லங்கச் சான்றும் இங்கே கண்ணாடித் தட்டில் குப்புறப் படுத்து எழுகின்றன.

இப்பொருளில் இரு கொள்கைகள் உள. வாடிக்கையாளர் கொள்கைப்படி, தாளே உள்ளே போய்விடுகிறது. "ஒரிஜினலை உள்ளயே விட்டுறாதம்மா" என்பது அவர்தம் சூத்திரம். கடைக்காரர் கொள்கை நுட்பமானது, ஒரே கேள்வியில் அடங்குவது: "அண்ணே, தெளிவா வேணுமா, சைஸ் கம்மியா வேணுமா?"

உள்ளே இருப்பவை வெறும் புள்ளிகள். ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508. ஆக 87 லட்சம் புள்ளிகள். கலர் என்றால் புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 26 எம்பி. இணைய விண்ணப்பப் பக்கமோ 200 கேபிக்கு மேல் வாங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கலர்ப் படத்தை ஜேபெக்காகச் சுருக்கினால், அந்த ஜேபெக் பெரும்பாலும் ஒரு பைட்கூட மாறாமல் பிடிஎஃப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, நிறம் இன்னது என்று மேலே ஒரு குறிப்பு, அவ்வளவே. "பிடிஎஃப்பா மாத்திக் குடுங்க" என்போர் காசு கொடுப்பது இந்தக் குறிப்புக்குத்தான்.

கறுப்பு வெள்ளைக்கு ஃபேக்ஸ் காலத்து உத்தி: மேல்வரியிலிருந்து மாறியதை மட்டும் எழுதுவது. தட்டச்சுப் பக்கம் சில பத்து கேபியில் முடிந்துவிடும். பச்சை மைக் கையெழுத்து மட்டும் கறுத்துப் போகும். வக்கீல் குமாஸ்தா சண்டைக்கு நிற்பது அதனால்தான்.

இன்னொரு விந்தை. எந்தப் படமும் பிடிஎஃப்பின் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று சதுரம். ஏ4 பக்கத்தில் வைக்கும்போதுதான் 595-க்கு 842 பாயின்ட் என இழுத்து விரிக்கிறார்கள். கணக்குப் பிசகினால் ஆதாரில் இருப்பவர் திடீரென்று குண்டாகிவிடுவார்.

ஒத்தக்கடையை ஒட்டிய யானைமலையின் நரசிங்கர் குடைவரையில் கி.பி. 770-இல் வெட்டிய வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் அமைச்சர் மாறன் காரி கோயில் எடுத்த செய்தி அது. மைப்படி எடுத்தால் எழுத்தின் வடிவம் வரும். வாசிக்க ஆள் வேண்டும். ஸ்கேனும் அவ்வண்ணமே. ஓசிஆர் என்னும் வாசகர் தாம் படித்ததைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாகப் படத்தோடு சேர்த்து வைக்கிறார். தேடினால் சிக்குவது அந்த மறை எழுத்தே. அவர் தப்பாகப் படித்தாலும் படம் காட்டிக்கொடுக்காது.

படமே பொய் சொல்வதும் உண்டு. ஜேபிக்2 என்ற முறை, ஒரேமாதிரி தெரியும் எழுத்துகளுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டும். 2013-இல் ஜெர்மானியர் டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை, இம்முறையில் சுருக்கும் ஜெராக்ஸ் நிறுவன இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். பரப்பு வெவ்வேறான மூன்று அறைகளும் 14.13 என்றே வந்தன. சில இடங்களில் 6, 8 ஆன கதையும் அப்போதுதான் வெளிவந்தது. அந்நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது.

ஆகவே, சர்வே எண்ணில் 6 உடையோர் கோப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே கடைக்காரருக்குக் காசு கொடுக்கவும்.