பொய் சொல்லும் தொல்லை தீர்ந்தது

பெறுநர்:
வாடகை அதிகாரி அவர்கள், சென்னை மாவட்டம்.

பொருள்: பொய் மனுப் போடும் சிரமத்திலிருந்து வீட்டு உரிமையாளர்களை விடுவித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

மணலி சின்னசேக்காட்டில் ஆறு போர்ஷன் வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் நான். சுத்திகரிப்பு ஆலைக்குக் கான்டிராக்ட் வேலைக்குப் போகிறவர்கள், கன்டெய்னர் லாரி டிரைவர், உரக் கம்பெனியில் ரிட்டயரான பெரியவர் ஒருவர். எல்லாரும் பழைய குடிகள். பழைய வாடகை.

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை என்னை ஒரு நாடக ஆசிரியராகவே ஆக்கி வைத்திருந்தது. வாடகையை ஏற்ற வேண்டும், அதனால் ஆளைக் கிளப்புங்கள் என்று உண்மையைச் சொன்னால் மனு நிற்காது. 10(3) பிரிவில் ‘சொந்த உபயோகம்’ என்று போட வேண்டும். பெரியவரைக் கிளப்ப, என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எழுதினேன். பையன் அப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை, ஆகவே கீழ் போர்ஷன் வேண்டும் என்று இன்னொரு மனு. விசாரணை அன்று கோர்ட் மாடிப்படியில் எனக்கு முன்னால் அம்மா ஏறிப் போய்விட்டார்.

ஜெயித்தாலும் நிம்மதி கிடையாது. ஒரு மாதத்துக்குள் நானே குடிபோக வேண்டுமாம். போனாலும், தக்க காரணம் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வெளியேறினால் பழைய குடி திரும்பி வர மனுச் செய்யலாமாம். ராத்திரி முழுக்க லாரிச் சத்தம், விடிந்தால் ஆலை வாடை. இதில் ஆறு மாதம் மனுஷன் இருப்பானா? அதெல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம்.

2019 பிப்ரவரி 22-இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சொந்த உபயோகம் அதிலும் இருக்கிறது, பழக்கம் விடாதவர்களுக்காக. நான் கும்பிடுவது 21-ஆம் பிரிவின் முதல் காரணத்தை. பழைய குடித்தனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் விட்டால், அதுவே காலி செய்யக் காரணம்! ஒப்பந்தம் போட அவகாசத்தை 575 நாள் வரை நீட்டினார்கள். கேஸ் கனெக்‌ஷனுக்கு, ரேஷன் கார்டுக்கு என்று குடிகள் நடையாய் நடந்து கேட்டார்கள். “அடுத்த மாசம் பார்ப்போம்பா” என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னேன், போடுவோம் என்று சொல்லவில்லை.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் கொஞ்சம் பதறினேன். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாதாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் தவிர. என்னிடம்தான் ஒப்பந்தமே இல்லையே! நல்லவேளை, பத்து மாத அட்வான்ஸ் வாங்கியபோது யாருக்கும் ரசீது கொடுத்ததில்லை.

பெரியவர் மட்டும் தகராறு செய்கிறார். “ஒப்பந்தம் தராதது நீங்க, காலி பண்றது நானா?” என்கிறார். சட்டம் ஒருதலைப்பட்சமில்லை என்று விளக்கினேன். ஒப்பந்தம் போடவில்லையென்றால் குடித்தனத்தை முடித்துவைக்கும்படி மனுச் செய்யும் உரிமை அவருக்கும் உண்டு. என்மேல் அவ்வளவு கோபமிருந்தால், தன்னை வெளியேற்றும்படி தாராளமாக அவரே கேட்கலாம். வக்கீல் ஃபீஸில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன், அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
மணலி வீட்டுக்காரன்