வெயிலுக்கு யார் ஜாமீன்?

"தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன்" என்று மேலதிகாரிகள் மிரட்டும்போது அவர்கள் மனசில் இருக்கும் காட்டுக்குப் பெயர் ராமநாதபுரம் மாவட்டம். தண்டனைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த அந்த மண்ணில், சுமார் பத்தாண்டுகளுக்கு முன் விலைமதிப்புள்ள சரக்கு ஒன்று கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெயில். அதுவரை அது கேட்க நாதியில்லாமல், குடம் சுமக்கும் பெண்களின் உச்சந்தலையில் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது.

2015 ஜூலையில் தமிழ்நாடு மின்வாரியம் அதானி குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டது. 648 மெகாவாட். கமுதிப் பக்கம் சுமார் 2,500 ஏக்கர். முதலீடு 4,550 கோடி ரூபாய். யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு வீதம் 25 ஆண்டுக்கு வாரியம் வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு காசு எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, மங்களத்துக்காக இருக்கலாம். ஏலம் கிடையாது. ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை, அவ்வளவுதான்.

அதே 2015 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் ஏலம் விட்டார்கள். 5 ரூபாய் 5 காசுக்கு ஆள் வந்தது. 2017 பிப்ரவரியில் ரேவாவில் 3 ரூபாய் 30 காசு. அதே ஆண்டு ஜூலையில் நம் மின்வாரியமே ஏலம் விட்டுப் பார்த்தது. 3 ரூபாய் 47 காசுக்கு 1,500 மெகாவாட் கிடைத்தது. சூரியத் தகடுகளின் விலை இடையில் சரிந்தது உண்மைதான். ஆனால் அது சரிந்துகொண்டே வருகிறது என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை, வணிகச் செய்திப் பக்கத்தைப் புரட்டத் தெரிந்தால் போதும். 25 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அன்று காலை நாளிதழ் பார்க்கவில்லை போலும். பாவம், வேலைப் பளு.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது விலையைப் பற்றி அல்ல, ஜாமீனைப் பற்றி. 4,550 கோடியைப் போட ஒருவர் எப்படித் துணிந்தார்? 25 ஆண்டுக்கு அரசு வாங்கிக்கொள்ளும் என்ற காகிதம் கையில் இருந்ததால். அந்தக் காகிதம் இருந்தால் வங்கி வாசலுக்கே வந்து வணக்கம் சொல்லும். வெயிலை அடகு வைக்கலாம், காற்றை அடகு வைக்கலாம், கடல் உப்பையும் அடகு வைக்கலாம். காகிதம் மட்டும் வேண்டும்.

இப்போது அதே கமுதிப் பக்கத்து மகளிர் குழுத் தலைவி ஒருவர் வங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான், ஆனால் இதைவிட மோசமான உண்மைகளை அந்த நாற்காலிகள் பார்த்திருக்கும்.

"என்னம்மா வேணும்?"

"நாங்க குழுவுல இருபது பேரு இருக்கோம் சார். ஊருக்குள்ள சோலாரு வச்சு, உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்குற மிசினு ஒண்ணு போடலாம்னு இருக்கோம். லோன் வேணும்."

"ஈடு என்ன இருக்கு?"

"வெயில் இருக்கு சார்."

"வெயிலுக்கு யாரும்மா ஜாமீன் போடுவா?"

"அந்தா அந்தப் பெரிய சோலாருக்கு யாரு சார் போட்டது?"

"அது வேறம்மா. அவங்க கரண்ட இருபத்தஞ்சு வருஷத்துக்கு அரசாங்கம் வாங்கிக்கிரும். ஒப்பந்தம் இருக்கு."

"எங்க தண்ணியயும் ஊரு வாங்கிக்கிரும் சார். நாள் தவறாம குடிப்பாங்க."

"அதுக்குப் பேப்பர் இருக்கா?"

தாகத்துக்குப் பேப்பர் இல்லை. அந்த அம்மா திரும்பி வந்துவிடுவார். வரும் வழியில் ரெண்டு வட்டிக்காரர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஈடும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம், வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

"திருப்பிக் கட்டும் சக்தி இல்லை" என்று விண்ணப்பத்தின் மேல் எழுதுகிறார்களே, அந்தச் சக்தியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராமநாதபுரத்துக் கிராமங்களில் குடம் பத்து ரூபாய்க்கும் அதற்கு மேலும் தண்ணீர் விற்ற கோடைகள் உண்டு. பத்து என்றே வையுங்கள். நாளைக்கு ஐந்து குடம் என்றால் 50 ரூபாய். மாதம் 1,500. வருஷம் 18,000. இருநூறு குடும்பம் உள்ள ஊர் என்றால் ஆண்டுக்கு 36 லட்சம். இதில் வராக்கடன் கிடையாது, தள்ளுபடி கிடையாது, மறுசீரமைப்பு கிடையாது. காசைக் கையில் கொடுத்தால்தான் குடம் நிறையும். இந்தியாவிலேயே ஒழுங்காகப் பணம் கட்டும் வாடிக்கையாளர் வண்டிக்காரரிடம் தண்ணீர் வாங்கும் ஏழைப் பெண்தான். அவருக்குத்தான் திருப்பிக் கட்டும் சக்தி இல்லையாம்.

இன்னொரு கணக்கும் உண்டு, வயிற்றெரிச்சலுக்கு. குடம் 15 லிட்டர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு அவர் கொடுப்பது 660 ரூபாய்க்கு மேல். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் ஆலையிலிருந்து ஆயிரம் லிட்டரை 48 ரூபாய் 66 காசுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். கடலையே குடைந்து எடுத்து, உப்பைப் பிரித்து, தனியார் லாபமும் சேர்த்து வந்த விலை அது. கமுதிக்காரர் கொடுப்பது அதைப் போலப் பதின்மூன்று மடங்கு. சென்னைக்காகப் பேரூரில் 4,276 கோடியில் அடுத்த ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் தருகிறது. நல்லது, சென்னையும் குடிக்கட்டும். 2019-ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்கவில்லை. அந்த ரயிலுக்கு 65 கோடி ஒதுக்க ஒரு அறிவிப்பு போதுமானதாக இருந்தது என்பதையும் மறக்கவில்லை.

ராமநாதபுரத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம் வரும். 2009-ல் 616 கோடியில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2019-ல் ஜல் ஜீவன் வந்தது. 2024-க்குள் எல்லாக் கிராம வீட்டுக்கும் குழாய் என்றார்கள், பிறகு 2028 என்றார்கள். குழாய் மாட்டினால் கணக்கில் ஏறிவிடும். திறந்தால் காற்று வரும். அதுவும் மாசில்லாத ஆற்றல்தானே என்று யாராவது அறிக்கையில் சேர்க்காமல் இருந்தால் சரி.

"ஏழைக்கும் சோலார் உண்டே" என்று ஒரு குரல் எழும். உண்டு. பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஆனால் முதலில் பணத்தைப் போட்டுத் தகட்டை மாட்ட வேண்டும், மானியம் பின்னால் வரும். அதற்கும் முன்னால் ஒன்று வேண்டும்: சொந்தமாக ஒரு கூரை. ஓலைக்கும் வாடகை வீட்டுக்கும் மேலே அடிப்பது வேறு வெயில், அதற்குத் திட்டம் இன்னும் தீட்டப்படவில்லை.

கூரை உள்ளவனாவது நிம்மதியாக இருந்தானா? கோவையிலும் திருப்பூரிலும் பட்டறை வைத்திருப்பவர்கள் மின்கட்டணம் தாங்காமல் சொந்தக் காசில் மேற்கூரையில் தகடு போட்டார்கள். உடனே வந்தது நெட்வொர்க் கட்டணம். உன் கூரை, உன் தகடு, உன் கடன், ஆனாலும் யூனிட்டுக்கு இவ்வளவு வை என்றது வாரியம். தெருவுக்கு வந்து போராடிய பிறகு 2023-ல் சிறு தொழில்களுக்கு அதைப் பாதியாக்கி அறிவித்தார்கள். வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது, அதற்கும் வருமானம் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. அந்த வருமானத்தை 7 ரூபாய் 1 காசு பக்கம் தேடாமல் லேத் பட்டறையின் தகரத்துக்கு மேல் ஏறித் தேடுவதுதான் உறுத்துகிறது.

உலக அளவிலும் இதே கதைதான். 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் கூடிய பணக்கார நாடுகள், 2020 முதல் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்றன. அந்தத் தொகை எட்டப்பட்டதாக அவர்களே போட்ட கணக்கில் ஆண்டு 2022. அதிலும் பெரும்பகுதி கடன். கொடுத்த கடனை மொய் நோட்டில் எழுதிவிட்டு, பந்தியில் முதல் இலை கேட்கிற சம்பந்தி இவர்கள். 2024-ல் பாக்கூவில் அடுத்த மொய்: 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். இந்தியப் பிரதிநிதி எழுந்து இது வெறும் காட்சிப் பிழை என்றார். சரியாகத்தான் சொன்னார். அதே கண்ணாடியைக் கழற்றாமல் கமுதிப் பக்கமும் ஒருமுறை திரும்பியிருக்கலாம்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். இதற்கெல்லாம் வழி தெரியாமல் இருந்தால் மன்னிக்கலாம். வழி தெரியும். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்று ஒரு ஊராட்சி. தலைவர் சண்முகம். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் கழுத்தை நெரித்தது. ஊராட்சி என்ன செய்தது தெரியுமா? சேமிப்பிலிருந்து 40 லட்சம் எடுத்தது. வங்கியில் 1 கோடியே 15 லட்சம் கடன் வாங்கியது. 2006-ல் உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நட்டது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றது. கடனைக் கட்டி முடித்தது. ஓடிப்போகவில்லை, லண்டனுக்குப் பறக்கவில்லை, திவால் மனு போடவில்லை.

மொத்தச் செலவு 1 கோடியே 55 லட்சம். மேலே சொன்ன இருநூறு குடும்பத்து ஊர் குடத்துக்குக் கொட்டும் காசில் நாலே கால் வருஷம். விலைவாசி ஏறிவிட்டது என்பீர்கள், இரட்டிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடந்துறையைப் பார்த்து, தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் வரிசையில் நின்றிருக்க வேண்டும். வரிசையில் நின்றவை பார்வையாளர்களின் வண்டிகள். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள், படம் எடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள், கட்டுரை எழுதினார்கள். நம் அதிகாரிகள் "நல்ல தலைவர் அமைஞ்சாரு" என்று பாராட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கடனும் காகிதமும் செய்த வேலையை ஒரு மனிதரின் நல்ல குணத்தில் எழுதிவிட்டால், அடுத்த ஊருக்குக் கடன் கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

வடக்கே இந்தூர் மாநகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. நர்மதைத் தண்ணீரை நகரத்துக்கு ஏற்றும் மோட்டார்களின் மின்செலவைக் குறைக்க, ஜலூத்தில் 60 மெகாவாட் சூரிய நிலையம் வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் பொதுமக்களிடமே பசுமைக் கடன்பத்திரம் விற்றது. கேட்டது 244 கோடி. வந்து குவிந்தது சுமார் 720 கோடி. ஆக, பணம் இருக்கிறது. தண்ணீருக்கும் வெயிலுக்கும் கடன் கொடுக்க ஜனங்களே தயாராக இருக்கிறார்கள். ஒரு ஊராட்சி தயங்கி நிற்கும்போது அதன் கடனுக்கு அரசு ஒரு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அதன் மின்சாரத்துக்கும் 25 ஆண்டுக் காகிதம் ஒன்று கொடுக்க வேண்டும். ஒரு கம்பெனிக்குக் கொடுத்த அதே காகிதம்; விலை 7 ரூபாய் 1 காசுகூட வேண்டாம், 3 ரூபாய் 47 காசே போதும்.

சரி, நாளைக்கே ஏதோ ஒரு வங்கி மனசு வைக்கிறது என்று வைப்போம். அரசும் ஜாமீனுக்குப் பேனாவை எடுத்துவிட்டது. ஊர் சார்பில் யார் கையெழுத்துப் போடுவது? 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ராமநாதபுரம் உட்படத் தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துபோனது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தவில்லை. அந்த நாற்காலியில் அரசு நியமித்த தனி அலுவலரை உட்கார வைத்தார்கள்.