விருந்தாளிக்குப் பட்டா

மோனகோவுக்கும் இத்தாலி எல்லைக்கும் நடுவே ரோக்ப்ரூன்-காப்-மார்த்தன் என்றொரு பிரெஞ்சுக் கடலோர ஊர். ஈ-1027 என்ற கோடை வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், கடலை ஒட்டிப் பாறை மேல் போகும் நடைபாதையில் போக வேண்டும். பாதைக்குப் பெயர் லெ கொர்பூசியே பாதை. அப்படியானால் வீட்டைக் கட்டியவர் அந்தப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர்தானே? இல்லை. அவர் வந்து தங்கிப்போன விருந்தாளி.

கட்டியவர் ஐலீன் கிரே. அயர்லாந்துக்காரர். கட்டடக்கலையைக் கல்லூரியில் படிக்காதவர். வயது ஐம்பதை நெருங்கும்போது, 1926இல் தொடங்கி 1929இல் முடித்தார். எந்த வேளையில் எந்தச் சன்னலில் வெயில் விழும், கடல்காற்றை எவ்வளவு உள்ளே விடலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வீடு. படுக்கையில் இருந்தபடியே சாப்பிடத் தோதாக ஏற்றி இறக்கும் கண்ணாடி மேசைகூட உண்டு. பெயரும் ஒரு விடுகதைதான்: ஈ என்றால் ஐலீன், ஆங்கில அரிச்சுவடியின் பத்தாம் எழுத்து ழான், இரண்டாவது பதோவிசி, ஏழாவது கிரே. காதலன் ழான் பதோவிசியைத் தன் பெயருக்குள் பொத்திவைத்தார். பத்திரத்தையும் அவன் பெயருக்கே எழுதினார். பிறகு பிரிந்து போனார்.

1938இல் வந்தார் மகான் லெ கொர்பூசியே. சுவரிலுள்ள பூவேலையையெல்லாம் துடைத்தெறிந்து வெள்ளை அடியுங்கள் என்று 1925இலேயே புத்தகம் போட்டு உலகத்துக்குப் போதித்தவர். ஊருக்குத்தானே உபதேசம்! கிரேயின் வெள்ளைச் சுவரைக் கண்டதும் கை அரித்தது. உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூரிகையைக் கையில் எடுத்தார் (புகைப்படம் இருக்கிறது, நான் இட்டுக்கட்டவில்லை). அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாகச் சுவர் சுவராக வரைந்து தள்ளினார். பதோவிசி தலையாட்டினார். கிரேயை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் சண்டிகரைத் திட்டமிட்டவரும் இதே பெருமகன்தான். அந்த நகரத்தின் பல பகுதிகளில் சொந்த வீட்டு முகப்பையே இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, கட்டுப்பாடு உண்டு. அடுத்தவள் வீட்டுச் சுவருக்கு மட்டும் கட்டுப்பாடு கிடையாது போலும்.

ஆக்கிரமிப்பு எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? முதலில் ஒரு குச்சி ஊன்றுவார்கள். பிறகு குடிசை. பிறகு பெயர்ப்பலகை. கடைசியில் பட்டா. இங்கேயும் அதே வரிசை. ஓவியம் ஆயிற்று. போருக்குப் பின் அவற்றின் படங்களை இதழில் வெளியிட்டார்; வீட்டைப் படைத்தவளின் பெயர் அதில் இல்லை. 1952க்குள் அதே சரிவில், வீட்டுக்குப் பின்னாலேயே தனக்கொரு மரக்குடிசை எழுப்பிக்கொண்டார்: நீளம் 3.66 மீட்டர், அகலமும் அதுவே. 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. வீட்டுக்கா? குடிசைக்கு!

வீடு பாழடைந்தது. 1999இல் கடற்கரைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு வாங்கி, பல ஆண்டுகள் செப்பனிட்டது. போர்க்காலத்தில் சிப்பாய்கள் இந்தச் சுவர்களில் குறிபார்த்துச் சுட்டுப் பழகினார்களாம்; அது சேதம். மகான் வரைந்தது மட்டும் பாரம்பரியம், ஆகவே அதை அழிக்காமல் பாதுகாத்திருக்கிறார்கள். கோயில் மதிலில் கரித்துண்டால் காதலி பெயரை எழுதும் பையன்களே, தப்புச் செய்துவிட்டீர்கள். முதலில் புகழ் சம்பாதியுங்கள், அப்புறம் கரியை எடுங்கள்.

இதற்கு வக்காலத்தும் ரெடி. அவர் வரைந்திருக்காவிட்டால் இந்த வீட்டை யார் சீந்தியிருப்பார்கள் என்கிறார்கள். சொல்கிறவர்களுக்குக் கொஞ்சமும் கூசவில்லை. 98 வயதுவரை வாழ்ந்து 1976இல் இறந்த அந்த அம்மாள், தன் வீட்டில் கிறுக்கியவனுக்கு நன்றிக் கடிதம் எழுதாமலே போய்விட்டார். எவ்வளவு பண்பற்றவர், பாருங்கள்!

போகிறவர்கள் வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். வருகிறவர்களுக்காகக் கிரே அச்செழுத்தில் பொறித்த வாசகங்கள் உண்டு. ஒன்று, மெதுவாக நுழையவும். இன்னொன்று, சிரிக்கக் கூடாது.